இங்கதான் எங்கயாவது இருக்கும்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தொலைந்ததாகச் சரித்திரமே கிடையாது. எல்லாம் இங்கதான் எங்கயாவது இருக்கும். கத்தரிக்கோலைக் காணோமா, இங்கதான் எங்கயாவது இருக்கும். வீட்டுச் சாவியா, ஜோடியை விட்டு ஓடிப்போன ஒற்றைக் காலுறையா, எதற்கும் அதே பதில்தான். என் வீட்டுக்காரர் அதைச் சொல்வார், அவர் தம்பியும் சொல்வான், என் மகள் பேசப் பழகிய நாளிலிருந்து அவளும் அதையேதான் சொல்கிறாள். சொல்லிவிட்டு மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தேடுகிறவள் நான்.

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஊரார் துணி வெளுக்க அவர் வேண்டும். தன் அழுக்குச் சட்டையை மட்டும் மெஷினுக்குள் போடாமல் மெஷின் மேல் போடுவார். கழற்றிய மோட்டாரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, சோபாவின் இடது பக்கம் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரானால் ஸ்பேனர் ஒரு திசையில் போகும், ஸ்க்ரூ டிரைவர் ஒரு திசையில் போகும். எடுத்து வையுங்கள் என்றால், மறுபடி எடுக்கணும்ல என்பார். அவருக்கு எந்த வேலையும் முடிவதில்லை, அதனால் எந்தச் சாமானும் பெட்டிக்குத் திரும்புவதில்லை.

அவர் தம்பி பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருக்கிறவன். தங்கமான பிள்ளை, ஆனால் அவனுக்குத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. அலமாரிக் கதவு, காபி பாட்டில், பெயின்ட் ட்யூப், குளியலறைக் குழாய் என்று அவன் போன வழியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் வீட்டுக்குள் வருவதில்லை, உதிர்ந்துகொண்டே போகிறாள். வாசலில் செருப்பு, அதற்கு அப்பால் பை, நாற்காலி முதுகில் ஸ்வெட்டர், மேஜையில் தலை கிளிப். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் கட்டிலில் அவள் கிடைப்பாள்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் பேச்சு, அது உண்மைதான். வேலையிலிருந்து வந்ததும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன், பார்த்ததும் ஆரம்பித்துவிடுவேன். அதனால் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். சுவரில் விழுந்த பென்சில் கீறலைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிறேனாம், கழுகுக் கண்ணாம். நான் திட்டுவேன், அவர்கள் சிரிப்பார்கள், நான் இன்னும் திட்டுவேன். ஒரு நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மூவரும் வந்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்ப்பார்கள். அப்படித்தான் எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கழுகுக் கண்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் தெருவில் ஆட்கள் மேல் இடித்துக்கொண்டே வந்தேன். ஆட்களுக்குத்தான் நடக்கத் தெரியவில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு வீட்டில் யாருக்கும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா என்னென்னவோ விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, மேஜை மேல் கிடந்த காகிதத்தைச் சுருட்டி என் கண்ணில் வைத்தார். உங்க பார்வை இப்படித்தாம்மா ஆகிட்டு வருது, நடுவுல தெரியும், ஓரம் தெரியாது, வெளிச்சம் கம்மியா இருந்தா அதுவும் தெரியாது என்றார். சுருள் போகப் போகச் சின்னதாகும். போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. நாளெல்லாம் மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவளிடம் அவர் அதைச் சொல்லவே சங்கடப்பட்டார்.

அதனால் என் நிலைமை விசித்திரமானது. மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிடுவேன், ஊசியில் நூல் கோர்ப்பேன், காலடியில் கிடக்கும் செருப்பு தெரியாது. சுவரிலிருக்கும் பென்சில் கீறல் தெரியும், காதோரம் திறந்து நிற்கும் அலமாரிக் கதவு தெரியாது. அதை நெற்றிதான் கண்டுபிடிக்கும்.

வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரே ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். பாவம் என்ற வார்த்தை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. விழுந்தால் சிரிப்போம், தோற்றால் கேலி செய்வோம், சமையல் சொதப்பினால் ஒரு வாரம் சொல்லிக் காட்டுவோம். என்னைப் பார்த்து அந்த மூன்று வாயும் பாவம் என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு நான் இன்ஸ்பெக்டர் இல்லை. கோபித்துக்கொள்ள உரிமை இல்லாத, ஓரமாக உட்கார வைக்கிற ஆளாகிவிடுவேன். கண் போவதைக்கூட எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். இது முடியாது என்று தோன்றியது.

ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்துவதில் இன்னும் மும்முரமானேன். காலில் எதுவும் இடறக்கூடாது. நாற்காலி மேஜைக்கு அடியில் போகவேண்டும், கதவு சாத்தியிருக்கவேண்டும், பை ஆணியில் தொங்கவேண்டும். கத்தினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். நான் எடுத்து வைக்க வைக்க, பின்னாலேயே அவர்கள் இறைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் கையை விரித்துவிட்டு வேறு வழிக்கு வந்தேன். அவர்களைத் திருத்துவதற்குப் பதிலாக அவர்களை மனப்பாடம் செய்தேன்.

பார்த்தால் அந்தக் குப்பைக்கும் ஒரு கணக்கு இருந்தது. மகளின் செருப்பு எப்போதும் கதவைத் திறந்ததும் வலது காலுக்கு நேரேதான் விழும், காலைச் சற்றுத் தூக்கி வைத்தால் தாண்டிவிடலாம். மெக்கானிக்கின் மோட்டார் சோபாவின் இடது பக்கத்தை விட்டு நகராது. மாஸ்டர் திறக்கும் அலமாரி எது என்று தெரியும், அந்த இடம் வந்ததும் கை தானாக முன்னால் போய்க் கதவைச் சாத்தும். சமையலறையில் எனக்குக் கண்ணே வேண்டாம். நசுங்கிப்போய் மூடி இறுகின டப்பா உப்பு, கழுத்து குறுகின பழைய காபி பாட்டில் சர்க்கரை, கைப்பிடி உடைந்த ஜாடி டீத்தூள். மருந்துக்கடையிலும் இப்படித்தான், எந்த மருந்து எந்தத் தட்டு என்பது என் விரலுக்குத் தெரியும். முதலாளிக்கு ஒரு பொருளை இடம் மாற்றினால் உயிரே போய்விடும். அந்த மனிதர் வாழ்க என்று தினமும் நினைப்பேன். இப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது உடைந்தது.

அன்றைக்கு மகள் வெளியிலிருந்து வந்ததும் தாகம் என்று நேராகச் சமையலறைக்கு வந்தாள். அதனால் பை வழக்கமான இடத்தில் விழாமல் சமையலறை வாசலில் விழுந்தது. நான் மெக்கானிக் குளிக்க வெந்நீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கால் பையின் வாரில் மாட்டியது. பாத்திரம் கையை விட்டுப் போனது. தரையெல்லாம் ஆவி. என் மகள் கீழே உருண்ட பேனாவை எடுக்கக் குனிந்திருந்தாள், தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. வீறிட்டுக்கொண்டு மேஜை மேல் ஏறினாள். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். தரையைப் பார்த்தார், மகளின் காலைப் பார்த்தார், பயத்தில் கத்தினார்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

இது எங்கள் வீட்டில் தினசரி புழக்கத்தில் இருக்கும் வசனம். அதிகம் பயன்படுத்தியவள் நான்தான். கண்ணு தெரியலையா, கண்ணு முதுகுலயா இருக்கு என்று நான் கேட்காத நாள் இல்லை. அதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு, நீ ஏன் வழியில் வைத்தாய் என்று திருப்பிப் பாயலாம். வாய் வரைக்கும் வந்தது. மகள் ஏறி நின்ற மேஜைக்கு அடியில் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"தெரியலை," என்றேன்.

நான் தரையில் ஈரத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அம்மா காகிதத்தைச் சுருட்டியதைச் சொன்னேன், சுருள் சின்னதாகும் என்றதையும் சொன்னேன். அந்த வீட்டில் நான் பேசி முடிக்கும்வரை மூன்று பேரும் கேட்டது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற மாஸ்டர் மெல்லப் போய், திறந்து கிடந்த அலமாரிக் கதவைச் சாத்தினான். சத்தம் வராமல் சாத்தினான். எனக்கு அழுகை அங்கேதான் வந்தது.

மகள் மேஜையிலிருந்து இறங்கி வந்தாள். "நாங்க என்னம்மா செய்யணும்?"

"வீட்டை ஒழுங்கா வைங்க. அது போதும்."

அந்த ஒரு வார்த்தையில் நான் கவிழ்ந்தேன். வாய் தவறியல்ல, வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வார்த்தை, அதுவாக வந்துவிட்டது. மாற்றாமல் வைங்க என்று சொல்லியிருக்கவேண்டும். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். நான் ஒழுங்காக என்றேன், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். சரியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. அவர்களுக்கு விடுமுறை, மருந்துக்கடைக்கு ஏது விடுமுறை. நான் கிளம்பும்போதே மூவரும் எழுந்திருந்தார்கள், அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மெக்கானிக் என்னைக் கடை வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் அவரே வந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். வலது காலைத் தூக்கிச் செருப்பைத் தாண்டினேன். செருப்பு அங்கே இல்லை. தாண்டிய வேகத்தில் தடுமாறி இடுப்பு எதன் மேலோ மோதியது. புதிதாகச் செருப்பு அலமாரி வாங்கி வாசலுக்கு உள்ளே வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு சோபா இருந்த பக்கம் நடந்தேன், சோபா இல்லை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஜன்னல் ஓரத்துக்குப் போட்டிருக்கிறார்களாம். மேஜை திரும்பியிருந்தது. டிவி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. தரை பளபளவென்று கிடந்தது, குனிந்து பொறுக்க ஒரு துரும்பு இல்லை. என் வீடு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மூவரும் வரிசையாக நின்றிருந்தார்கள். என்னால் ஒருவர் முகத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, ஒவ்வொருவராகத்தான் பார்த்தேன். மெக்கானிக்கின் முட்டி உரிந்திருந்தது, சோபாவைத் தள்ளும்போது சுவரில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மாஸ்டரின் தலையெல்லாம் ஒட்டடை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி என் முகத்தையே பார்த்தாள்.

நான் என்ன சொல்லமுடியும்? ரொம்ப நல்லாருக்கு என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று மூவரும் நினைத்துக்கொண்டார்கள். மாஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மகளின் யோசனையாம், எல்லாமே ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகள், ஒரே மூடி, ஒரே உயரம். அம்மாவுக்குத் தெரியவேண்டும் என்று மாஸ்டர் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தான். எழுத்து அவ்வளவு அழகு. நசுங்கின டப்பா எங்கே என்றேன். அந்தக் குப்பையெல்லாம் தூக்கிப் போட்டாச்சும்மா என்று மகள் பெருமையாகச் சொன்னாள்.

ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தேன். மறைமுகமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்களா என்று, கத்தரிக்கோல் வேண்டும் என்றேன். மெக்கானிக் தன் பெட்டியில் பார்த்தார், நான் அவன்கிட்ட கொடுத்தேனே என்றார். மாஸ்டர் இரண்டு அலமாரியைத் திறந்து பார்த்து, பொறுப்பாக இரண்டையும் சாத்தினான். மகள் மேஜை டிராயரைக் கவிழ்த்தாள். இங்கதான் எங்கயாவது வெச்சிருப்போம் என்றாள் மகள். நேற்றுவரை கத்தரிக்கோல் எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். சோபாவின் மெத்தை இடுக்கில், மாஸ்டர் உட்காரும் பக்கம்.

"பழைய இடத்துலயே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

மெக்கானிக் என் தோளைப் பிடித்து, இடம் மாறிப்போன சோபாவில் உட்காரவைத்தார். "இனிமே நீ எதையும் தேட வேண்டாம். வாயால கேளு, நாங்க எடுத்துத் தர்றோம். நீ சும்மா உட்கார்ந்திரு."

அவர் அதை அவ்வளவு அன்பாகச் சொன்னார். என்னுடன் சண்டை போட்டுப் போட்டே குடித்தனம் நடத்திய மனிதர் அவர். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு என் கைக்கு வந்தது. தட்டும் என் கையிலிருந்து போனது. கை கழுவப் போகிறேன் என்றால் கூடவே ஆள் வந்தது. யாரும் கேலி பேசவில்லை. யாரும் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் சமையலறைக்குப் போனேன். ஒரு டீயாவது நான் போட்டுக் கொடுக்கவேண்டும் என்று வைராக்கியம். சுவரைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஜன்னலில் வெளிச்சம் சரியாக வரவில்லை, விளக்கைப் போட்டால் யாராவது ஓடிவந்து நீ உட்காரு என்பார்கள் என்று போடவில்லை. பால் கொதித்தது. டீத்தூளை மோந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். கை பழக்கத்தில், சர்க்கரை இருக்கும் மூலைக்குப் போனது. அங்கே ஒரு ஜாடி இருந்தது. இத்தனை வருஷம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று கை நம்பிவிட்டது. வழக்கம்போல் தாராளமாகப் போட்டேன்.

எல்லாரும் எழுந்து வந்தார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கே ஒரு சின்னக் கர்வம் வந்தது. மெக்கானிக் முதலில் ஒரு வாய் குடித்தார்.

அவர் முகத்துக்கு நேராகத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் மூடித் திறந்தது, தொண்டை ஏறி இறங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு தம்பியைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் டம்ளருக்குள் ஒரு முறை எட்டிப்பார்த்துவிட்டு, அண்ணனைப் பார்த்துவிட்டு, மடமடவென்று குடித்தான். மகளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவளும் குடித்தாள்.

"நல்லாருக்கு," என்றார் மெக்கானிக்.

"சூப்பர் அண்ணி," என்றான் மாஸ்டர்.

நான் என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கடல் தண்ணீர். சாப்பாட்டில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் ஒரு வாரம் வாய் ஓயாத கூட்டம் இது. முந்தாநாள் சனிக்கிழமை காலையில் இந்த டீயைக் கொடுத்திருந்தால் மெக்கானிக் வாசலுக்கு ஓடித் துப்பியிருப்பார். மாஸ்டர் அதைப் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருப்பான். மகள் தன் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருப்பாள். நானும் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு கத்தியிருப்பேன்.

"உப்பு," என்றேன்.

"பரவாயில்லம்மா," என்றாள் மகள், அவசரமாக, மிருதுவாக, உடம்பு சரியில்லாத குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

பாவம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். மூவரும் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. ஒரு சத்தம் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் போலிருந்தது. எதையாவது சாக்கு வைத்துக் கத்தலாம் என்று தலையைக் குனிந்து, அந்தச் சின்ன வட்டத்தைத் தரை முழுக்க ஓட்டினேன். வாசல்வரை ஓட்டினேன், சோபாவுக்கு அடியில் பார்த்தேன், சுவர் ஓரமெல்லாம் பார்த்தேன். திட்டுவதற்கு ஒரு செருப்புகூடக் கிடக்கவில்லை.